குண்டு வண்டும் கம்பளிச் சட்டையும்

தொண்ணூறுகள் பிறக்கும் வரை வடக்கு லண்டனில் விளைந்த தக்காளியில் ஒரு பங்குக்கு நான்தான் வண்டு. கையில் ஒரு தடி, தடியின் நுனியில் அதிரும் கம்பி, இடுப்பில் பற்றரி. பூங்கொத்தின் காம்பில் கம்பியை வைத்தால் 'இர்ர்' என்று நடுங்கும், மகரந்தம் கொட்டும், இரண்டு நாளில் காய் பிடிக்கும். கண்ணாடி வீட்டுக்குள் காற்று இல்லை, பூச்சி இல்லை. யாராவது ஆட்டிவிட வேண்டும். ஆட்டிவிட்டவர்கள் நாங்கள்.

நான் வேலையை விட்டு நிற்கப் போகிறேன் என்று தெரிந்ததும் பொதியறையில் நிற்கும் இளம் பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது வண்டுப் பெட்டிகளுக்குள் சென்சர் பூட்டியிருக்கிறார்கள். உள்ளே எவ்வளவு வெக்கை என்று கைத்தொலைபேசியில் தெரியும். "அன்ரி, இதெல்லாம் இல்லாத காலத்தில என்னண்டு பார்த்தனீங்கள்?" என்று கேட்டார்கள். "கையை வைச்சுத்தான்" என்றேன். கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். அவர்களுடைய சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். சென்சர் மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நல்ல சாமான். ஆனால் அது இல்லாத காலத்திலும் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வடக்கு லண்டன் எட்மன்ரனில் ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். கணவருக்குப் பெற்றோல் ஷெட்டில் வேலை. பஸ்ஸில் வடக்கே போனால் என்ஃபீல்ட் தாண்டும் முன்பே கண்ணாடிக் கூரைகள் வெயிலில் பளபளக்கும். லண்டன் முடிகிற இடம் அது. ஒருநாள் இறங்கிப் போய் வேலை கேட்டேன், கொடுத்தார்கள். இலை கழிக்க, பக்கக் கிளை கிள்ள, கயிற்றில் கொடியைச் சுற்றிவிட ஒரு பருவத்திலேயே பழகிவிட்டேன். கை முழுக்கப் பச்சைக் கறுப்பாகப் பிசின் பிடிக்கும். சவர்க்காரத்துக்கு அசையாது. பச்சைத் தக்காளி ஒன்றைப் பிழிந்து தேய்த்தால் போய்விடும். இதை எனக்குக் காட்டித் தந்தவர் எங்கள் மேலாளர் சால்வோ. வேலையின் மற்றதெல்லாம் தானாகவே வந்தது என்று சொன்னால் தற்பெருமை என்பார்கள். பரவாயில்லை, உண்மை அதுதான்.

சால்வோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிசிலித் தீவில் பிறந்தவர். அந்தப் பக்கத்துக் கண்ணாடி வீடுகளில் அவருடைய ஊர்க்காரர் நிறையப் பேர். குள்ளமான, தோள் அகன்ற மனிதர். அவருடைய ஆங்கிலமும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. அதனாலோ என்னவோ நாங்கள் பேசிக்கொண்டது ஒருவருக்கொருவர் முழுதாக விளங்கியது. அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. நாம் ஒன்றைப் பிழையாகச் செய்தால் வந்து பக்கத்தில் நிற்பார். அடுத்த ஐந்தாறு செடிக்கு அதே வேலையைத் தன் கையால் சரியாகச் செய்வார். பிறகு ஒன்றும் பேசாமல் போய்விடுவார். ஏச்சு வாங்கினால் வீட்டுக்குப் போய்ப் புருசனிடம் சொல்லி மறந்துவிடலாம். இதை மறக்க முடியாது. இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. குழாயோ இலையோ மண்ணோ, எதையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கை வேலை செய்து காய்த்துப் போனது, அதற்குச் சூடு தெரியாது என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் ஒல்லாந்தில் இருந்து அட்டைப் பெட்டிகள் சில வந்து இறங்கின. முதலாளி யாரிடமோ கேள்விப்பட்டு வாங்கியிருந்தார். பெட்டிக்குள் 'கும்' என்று ஒரு முழக்கம். என்னோடு வேலை செய்த ஞானம், வாய்க்குப் பஞ்சமில்லாதவள், காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"பவளக்கா, எங்கட வேலைக்கு ஆள் வந்திட்டுது. விசாவும் இல்லாமல் வந்திருக்கு."

தேனீயும் அல்ல, நம் ஊர்க் கருவண்டும் அல்ல. உருண்டையாக, உடம்பெல்லாம் மயிர் போர்த்து, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டி போட்ட பம்பிள் பீ. நாங்கள் அதற்குக் குண்டு வண்டு என்று பெயர் வைத்தோம். ஞானம் பயந்தது போல் யாருக்கும் வேலை போகவில்லை. காய் கூடுதலாகப் பிடித்ததால் பறிக்க இன்னும் ஆள் வேண்டியிருந்தது. தடியைக் கீழே வைத்ததும் எங்கள் தோள்மூட்டு நோவும் குறைந்தது. பெட்டிகளைப் பார்க்கும் பொறுப்பைச் சால்வோ என்னிடம் தந்தார்.

அட்டைப் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. அதற்குள் கூடு, கூட்டுக்கு மேல் பஞ்சு, அடியில் சீனிப்பாணி. தக்காளிப் பூவில் தேன் கிடையாது, அதனால் சாப்பாட்டை நாங்களே கொடுத்தோம். பெட்டிக்கு இரண்டு வாசல். ஒன்றில் போகலாம், வரலாம். மற்றதில் வர மட்டும்தான் முடியும். பூச்சி மருந்து அடிக்கும் நாளுக்கு முந்தின நாள் பின்னேரம் போக்குவரத்து வாசலை மூடிவிட வேண்டும். வெளியே நிற்பவை ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்துவிடும், ஒன்றும் வெளிக்கிடாது. இருட்டுப்பட்ட பிறகு பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, மருந்து காய்ந்த பிறகுதான் திரும்ப உள்ளே. வண்டு வேலை செய்கிறதா என்று பார்க்க வண்டைப் பார்க்கத் தேவையில்லை. பூவின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் கூம்பை அது வாயால் கவ்விப் பிடித்துத்தான் உதறும். கவ்விய இடத்தில் மண்ணிறமாக ஒரு கடித்தழும்பு விழும். பூவுக்குப் பூ அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டு போவதுதான் என் காலை வேலை.

மாசி, பங்குனிக் காலைகளில் கண்ணாடி வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாகும். தேனீ அந்தக் குளிரில் எட்டியும் பார்க்காது. குண்டு வண்டு வாசலில் வந்து நிற்கும். இறக்கை அசையாது, ஆனால் உடம்பு முழுக்க நடுங்கும். பாவம், குளிரில் விறைத்துப் போயிற்று என்றுதான் நாங்கள் நினைத்தோம். சால்வோ என்னைக் கூப்பிட்டுக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

"அது குளிரில் நடுங்கவில்லை. மோட்டாரை ஸ்ரார்ட் பண்ணுகிறது," என்றார்.

கியரைக் கழற்றியது போல் இறக்கையை அசையாமல் விட்டு, பறக்கும் தசையை மட்டும் இயக்கித் தன் நெஞ்சைச் சூடாக்குகிறதாம். நெஞ்சு முப்பது பாகையைத் தொட்டால்தான் பறக்க முடியும். அந்தச் சூடு ஓடிவிடாமல் காக்கத்தான் உடம்பு முழுக்க மயிர். பெட்டிக்குள் இருப்பவையும் சும்மா இருப்பதில்லை. குஞ்சுகள் இருக்கும் மெழுகுக் கட்டியின் மேல் படுத்து, மயிர் குறைந்த அடிவயிற்றை ஒட்டி வைத்து, நெஞ்சில் உண்டாக்கிய சூட்டை வயிற்றுக்கு இறக்கி அடைகாக்கும். கூடு குளிர்ந்தால் அடைகாக்கக் கூடுதல் ஆள் வேண்டும், பூவுக்குப் போக ஆள் குறையும். இதை நான் விளங்கிக்கொண்ட நாள் எனக்கு நல்ல சந்தோசம். வீட்டில் அடுப்புப் பார்க்க ஆள் நின்றால்தான் மற்றவர் வேலைக்குப் போகலாம் என்பது எனக்குத் தெரியாத கணக்கா என்ன?

அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் இன்னொன்றும் நடந்தது. கொதிகலன் அறைக்குப் பின்னால் வடக்குப் பக்கம் பார்த்த ஒரு மண்மேடு. வெயிலே படாத இடம். அங்கே புல்லை வெட்டும்போது ஞானம் ஒரு பெரிய வண்டைக் கண்டெடுத்தாள். உள்ளங்கை மடிப்பில் கால்களை ஒடுக்கிக்கொண்டு, செத்தது போல் கிடந்தது. ராணி. நாங்கள் சாப்பிடும் அறைக்குக் கொண்டு வந்து ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கால் அசைந்தது, பிறகு எழுந்து முழங்கத் தொடங்கியது. எல்லோரும் கை தட்டினோம். உள்ளே வந்த சால்வோ ஹீற்றரை நிறுத்தினார். ராணியை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய், குளிர்ந்து திரும்ப ஒடுங்கும் வரை கூட நின்று, அதே மேட்டில் குழி பறித்து வைத்து மூடினார். இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்புத்தான் வசந்தம் வரை அதற்குச் சாப்பாடு. இப்போது எழுப்பினால் அதை எரித்துவிட்டு, பூவே இல்லாத மாதத்தில் பட்டினியில் சாகும். வடக்குப் பக்கத்தை அது தேடிப் போவதே, குளிர்கால வெயில் ஏமாற்றி எழுப்பிவிடக் கூடாது என்றுதான். இதை அவர் சொன்னது தேநீர் குடித்து முடித்த பிறகு. ஞானம் அன்று முழுக்கக் கதைக்கவில்லை. அது எங்களுக்குப் பெரிய அதிசயம்.

அடுத்த வசந்தத்துக்கு எல்லாக் கண்ணாடி வீட்டுக்கும் பெட்டிகள் வந்தன. அதற்குள் எங்களோடு இராசன் அண்ணை வந்து சேர்ந்திருந்தார். ஊரில் மினிபஸ் ஓட்டியவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். இங்கே அகதி விண்ணப்பம் போட்டு, தங்கும் அனுமதியும் வேலை அனுமதியும் கிடைத்திருந்தது. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட, நிரந்தரமான வேலை இருக்கிறது என்று காட்ட வேண்டும். இராசன் அண்ணைக்கு ஆங்கிலம் 'யெஸ், நோ, சொறி' என்ற மூன்றோடு முடிந்துவிடும். மருந்து அடிக்கும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தார்கள். கவனமான மனிதர், வாசலை மூடிவிட்டு இரண்டு தரம் தட்டிப் பார்ப்பார்.

அவருக்கு ஒரே ஒரு எதிரி குளிர். ஆனி, ஆடியிலும் வேலை உடுப்புக்குள் ஒரு ஸ்வெட்டர் போட்டிருப்பார். அவரை நாங்கள் பகிடி பண்ணினாலும், நாங்கள் மட்டும் என்ன திறமா? வெள்ளைக்காரப் பிள்ளைகள் கையில்லாத சட்டையோடு ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு போகும் நாளில், எங்கள் பிள்ளைகளுக்குக் காதையும் மூடும் மங்கிக் கப் போட்டு, ஸ்வெட்டரின் மேல் கோட் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிய சனம் நாங்கள். அன்பு என்றால் போர்த்துவது. வேறு வழி எங்களுக்குத் தெரியாது.

பங்குனியில் ஒரு காலை, இராசன் அண்ணை பெட்டிகளுக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தார். நான் கதை விடவில்லை. தேவாலயம் ஒன்றில் அகதிகளுக்குக் கொடுத்த பழைய கம்பளிச் சட்டைகளை வெட்டி, கைகளைத் தைத்து, பெட்டிக்கு அளவாக மாட்டியிருந்தார். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம்.

"சிரியுங்கோ, சிரியுங்கோ. அதுகளும் உயிர்தானே. ராவில இஞ்ச எப்பிடி விறைக்குது தெரியுமே?" என்றார்.

சிரிப்பு இரண்டு நாள்தான். ஸ்வெட்டர் போட்ட பெட்டிகளில் இருந்து கூடுதலாக வண்டு பூவுக்குப் போயிற்று. கூடு தானாகச் சூடாக இருந்ததால் அடைகாக்க ஆள் குறைவாகத் தேவைப்பட்டது. பூவுக்குப் பூ கடித்தழும்பு. சால்வோ புறங்கையை ஸ்வெட்டருக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, மற்றக் கண்ணாடி வீடுகளிலும் இதையே செய்யுங்கள் என்றார். இராசன் அண்ணைக்கு நான் அதைத் தமிழில் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியும். இந்த நாட்டில் அவர் செய்த ஒன்றை ஒருவர் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

சித்திரை முடிவில் பெரிய கடை ஒன்றில் இருந்து தக்காளி வாங்க ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது. முதலாளி வந்து பெட்டிகளைக் கண்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். இந்தக் கந்தல் ஒன்றும் கண்ணில் படக் கூடாது என்றார். கழற்றிவிட்டோம். வைகாசியில் பழைய கூடுகளின் ஆயுள் முடிந்து புதுப் பெட்டிகள் வந்தன. நான் அவற்றை வரிசையில் வைத்தேன், வெளியே ஒரு நூல்கூட இல்லை. அதோடு விசயம் முடிந்தது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

ஆடி மாதம் வந்த வெக்கையை லண்டனில் அந்தக் காலம் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பஸ்ஸில் ஆட்கள் மயங்கி விழுந்தார்கள். கண்ணாடி வீட்டுக்குள் கேட்க வேண்டுமா? கூரை யன்னல் எல்லாம் திறந்தும் மூச்சு முட்டியது. ஒரு திங்கட்கிழமை காலை நான் முதல் வரிசையில் பூப் பார்க்கப் போனேன். தழும்பு இல்லை. இரண்டாவது, மூன்றாவது வரிசையிலும் இல்லை. பெட்டி வாசல்களின் கீழே செத்த வண்டுகளும், உள்ளிருந்து இழுத்து எறியப்பட்ட வெள்ளைப் புழுக்களும் கிடந்தன.

முதலாளி அதைக் கண்டார். சனிக்கிழமை அந்த வீட்டில் சிலந்திப் பேனுக்கு மருந்து அடித்தது இராசன் அண்ணை. வேறு யோசனை அவருக்கு வரவில்லை.

"வாசலை மூடாமல் அடித்திருக்கிறான். வெள்ளிக்கிழமையோடு அவனை நிறுத்து," என்று சால்வோவிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

"வெள்ளி வரைக்கும் பார்ப்போம்," என்றார் சால்வோ. அவ்வளவுதான்.

இராசன் அண்ணைக்கு அதைத் தமிழில் சொல்ல வேண்டியது நான். சொன்னேன். அவர் மருந்துத் தாங்கியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே இருந்துவிட்டார்.

"தங்கச்சி, நான் வாசல் பூட்டினனான். பெட்டியை வெளியில வைச்சனான். அம்மாளாச்சி அறிய வைச்சனான். இந்த வேலை போனால் அதுகள் அங்கை லொட்ஜிலயே கிடக்க வேண்டியதுதான்."

எனக்கு அவர் மீது சந்தேகம் ஒரு துளியும் இல்லை. ஆனால் எனக்குச் சந்தேகம் இல்லாதது முதலாளிக்குச் சாட்சியாகாது. அடுத்த நாள் வழக்கத்துக்கு முந்திப் போய், அந்த வீட்டின் ஒவ்வொரு வரிசையாகக் கடைசி வரை நடந்தேன். கடைசி வரிசையில் வடக்குச் சுவர் ஓரமாக நின்ற செடிகளில் தழும்பு இருந்தது. வாசலில் வண்டு போய் வந்துகொண்டிருந்தது. மருந்து எல்லா வரிசைக்கும் ஒரே மருந்து, ஒரே நாள். நஞ்சு என்றால் இந்த வரிசையும் செத்திருக்க வேண்டும். செத்துக் கிடந்தவற்றைப் பொறுக்கிப் பார்த்தேன். மருந்து பட்ட பூச்சி நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு சாகும் என்று பெட்டி கொண்டு வருகிறவர் சொல்லியிருந்தார். ஒன்றுக்கும் நாக்கு வெளியே இல்லை.

அப்படியென்றால் முதல் வரிசைகளில் என்ன? ஒரு பெட்டியில் காதை வைத்தேன். பறக்கும் சத்தம் அல்ல, ஒரே சீரான இரைச்சல். வாசலுக்குள் குனிந்து பார்த்தால் வண்டுகள் தலையைக் குனிந்து வரிசையாக நின்று இறக்கையை விசிறிக்கொண்டிருந்தன. வெளியே போக வேண்டியவை எல்லாம் உள்ளே நின்று கூட்டுக்குக் காற்று அடிக்கின்றன. தன் நெஞ்சின் சூட்டை வயிற்றுக்கு இறக்கி ஆற்றிக்கொள்ள அவற்றுக்குத் தெரியும். ஆனால் சுற்றி உள்ள காற்றே கொதித்தால் எங்கே கொண்டு போய் ஆற்றுவது? புறங்கையை அட்டையில் வைத்தேன். கடைசி வரிசைப் பெட்டியிலும் வைத்தேன். வித்தியாசம் வெளிப்படையாகத் தெரிந்தது. வடக்குச் சுவர் ஓரம் கொஞ்சம் தணிவுதான், ஆனாலும் இவ்வளவு வித்தியாசம் வராது. ஒரு பெட்டியின் அட்டையைத் திறந்தேன். அட்டைக்கும் உள்பெட்டிக்கும் நடுவில், காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டு, ஒரு மண்ணிறக் கம்பளிக் கை பிதுங்கி வந்தது.

"அது நான் வைச்சது," என்று பின்னால் ஒரு குரல். இராசன் அண்ணை.

"ஏன் அண்ணை?"

"முதலாளி வெளியில தெரியக் கூடாது எண்டுதானே சொன்னவர். அதுதான் உள்ளுக்கை வைச்சனான். கடைசி வரிசைக்குச் சட்டை போதாமல் போச்சு."

சொல்லி முடிக்கும்போதே அவருக்கும் விளங்கிவிட்டது.

"தங்கச்சி, இதைச் சொல்லிப் போடாதை. வெக்கை எண்டு மட்டும் சொல்லு. மருந்தெண்டால் அவையள் நிரூபிக்கேலாது. இதெண்டால் கையும் மெய்யுமாப் பிடிச்ச மாதிரி. நான் இப்ப எல்லாத்தையும் இழுத்து எறிஞ்சு போடுறன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். வெக்கை என்று மட்டும் சொன்னால், கடைசி வரிசை மட்டும் எப்படித் தப்பியது என்று முதலாளி கேட்பார். அவர் முட்டாள் அல்ல. பதில் இல்லாவிட்டால் திரும்ப மருந்தில்தான் வந்து நிற்பார். சட்டையைக் காட்டினால் மருந்துப் பழி போகும், ஆனால் கூட்டை அவித்தவர் இவர்தான் என்று ஆகும். இரண்டு பக்கமும் அவருடைய மனைவி பிள்ளைகள்தான் நின்றார்கள்.

"அண்ணை, நான் உள்ளதைச் சொல்லப் போறன். முழுக்கச் சொல்லப் போறன். அரைவாசி சொன்னால் எனக்கே வாய் தடுமாறும். உங்களுக்காக ஒருத்தரும் பிழைவிடாத மாதிரிக் கதைக்க மாட்டன், நீங்கள் மட்டும் பிழைவிட்ட மாதிரியும் கதைக்க மாட்டன்."

என்னில் அவருக்குக் கோபம் வந்தது என்று நினைக்கிறேன். வந்தால் வரட்டும் என்று இருந்தேன். அன்றே முன் வரிசைகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாப் பெட்டியிலும் சட்டையை எடுத்தோம். பெட்டிகளைச் செடியின் நிழலுக்கு இறக்கி, மேலே வெள்ளை ஸ்ரைரோஃபோம் பலகை வைத்தோம். மறுநாள் விடிய, வெயில் ஏறும் முன்பே வண்டு வெளிக்கிட்டது. நான் பூக்களுக்கு நடுவில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை, இராசன் அண்ணையை நிறுத்தும் பேச்சுக்கு முன், முதலாளியைக் கண்ணாடி வீட்டுக்கு வரச் சொன்னேன். சால்வோவும் இராசன் அண்ணையும் வந்தார்கள். நான் பயப்படவில்லை. கையில் எல்லாம் இருந்தது. தழும்பு விழுந்த பூக்களைக் காட்டினேன், கடைசி வரிசையைக் காட்டினேன், நாக்கு நீட்டாத வண்டுகளைக் காட்டினேன். பிறகு சட்டை எடுக்காமல் விட்டிருந்த பெட்டியைத் திறந்து கம்பளிக் கையை வெளியே இழுத்தேன். அதைச் செருகியது யார் என்றும் சொன்னேன்.

முதலாளியின் கழுத்து சிவந்தது. அவர் வாயைத் திறக்கும் முன் சால்வோ குந்தி இருந்து, புறங்கையைப் பெட்டிக்குள் விட்டு எடுத்தார்.

"பங்குனியில் இதைப் பார்த்து, எல்லோரும் இவரைப் போலச் செய்யுங்கள் என்று சொன்னவன் நான். போடச் சொல்லத் தெரிந்த எனக்குக் கழற்றும் காலத்தைச் சொல்லத் தெரியவில்லை. அது என் வேலை, இவருடைய வேலை அல்ல," என்றார்.

"கழற்றியாயிற்றே? சித்திரையில் நான் ஒன்றையும் காணவில்லையே?" என்றார் முதலாளி.

"கண்ணில் படக் கூடாது என்றுதானே சொன்னீர்கள்?" என்றேன் நான்.

சால்வோ என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் கூடிப் போயிற்றோ என்று நினைத்தேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். முதலாளி என்னை விட்டுவிட்டு இராசன் அண்ணையைப் பார்த்தார். அந்த வெக்கையில், வேலை உடுப்புக்குள் கழுத்து வரை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார் மனிதர்.

"ஏன் செய்தாய் என்று கேள்," என்றார் முதலாளி. கேட்டேன்.

"ராவில எனக்கே குளிருது. உதுகள் சின்ன உயிர். பிள்ளையளைப் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தனான் எண்டு சொல்லு."

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். முதலாளி அந்த ஸ்வெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவருக்கு உண்மையாகவே இப்போது குளிருகிறதா?"

"ஒவ்வொரு நாளும் இப்படித்தான்," என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். மருந்து விசயத்தில் தான் சொன்னது பிழை என்று சால்வோவிடம் சொன்னார், எங்களிடம் அல்ல. பிறகு என்னிடம், மிச்சமிருப்பதையும் பின்னேரத்துக்குள் எடுக்கச் சொல், திங்கட்கிழமை வழக்கம் போல வேலைக்கு வரச் சொல் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இராசன் அண்ணைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

"என்னவாம் தங்கச்சி?"

"திங்கட்கிழமை வரட்டாம் அண்ணை. வேலை போகேல்லை."

அவர் நன்றி சொல்லவில்லை. சால்வோவின் கையைப் பிடிக்கவில்லை. நேரே போய் மிச்சமிருந்த பெட்டியைத் திறந்து கம்பளியை இழுத்து எடுக்கத் தொடங்கினார். எனக்குத்தான் அழுகை வந்தது. அழுதேன். சால்வோ எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஒரு கொடியைக் கயிற்றில் சுற்றிவிட்டார். அடுத்த கொடியையும் சுற்றினார்.

அன்று பின்னேரம் இராசன் அண்ணையும் நானும் ஒன்றாகத்தான் பஸ்ஸுக்கு நடந்தோம். தரிப்புக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ரெலிபோன் பெட்டி. கொழும்புக்கு எடுக்க வேண்டும், கொஞ்சம் நில் என்றார். நாள் முழுக்க வெயிலில் நின்ற பெட்டி, கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. நான் கதவை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு அவர் வேர்த்து ஒழுகினார். லொட்ஜில் யாரோ போய் மனைவியைக் கூட்டி வந்தார்கள் போல. அந்தக் கிழமை நடந்த எதையும் அவர் சொல்லவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பிள்ளைகளின் படிப்பைக் கேட்டார். மறுமுனையில் அவர் மனைவி என்ன கேட்டாரோ, இவர் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"ஓம். வேலை இருக்கு. பிள்ளையளிட்டையும் சொல்லு. வேலை இருக்கு."